பச்சைப் புள்ளிக்குள் நிற்கும் நீலச் சட்டைக்காரன்

கண்ணு,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனி கேண்டீனில் இரண்டாவது அப்பளத்துக்காகச் சமையல்காரரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றபோது உன் செய்தி வந்தது. ஒரு இணைப்பு, அதன் கீழே ஒரு படம், அதற்கும் கீழே உன் குரல். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன், கேண்டீனே கேட்டது. "ஏனுங்கப்பா, இத்தன நாளா எங்கிட்டச் சொல்லவே இல்ல? நம்ம ஊட்டுக்குப் பின்னாடி வீதியில கொழந்தைங்க காப்பகம் இருக்குது, அதும் நீங்க நின்னு தொறந்து வெச்சது! மேப்புல பச்சைப் புள்ளி போட்டிருக்குதுங்க. நான் வேலைக்கு வர்றேன்னு சொல்லிப்போடறேன். எங்கப்பா இருக்கற ஊர்ல எங்கொழந்தைக்கு என்ன கொறை?" சமையல்காரர் கேட்காமலேயே மூன்றாவது அப்பளத்தையும் வைத்தார். நான் உனக்கு ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன். இந்தக் கடிதம் அந்தக் கட்டைவிரலைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காக.

அதற்கு ஃபோனில் பேசினால் போதாதா என்று கேட்பாய். போதாது. தனியாகச் சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். உன்னிடம் அந்தக் கெட்ட பழக்கம் உண்டு, உன் அம்மாவிடமிருந்து வரவில்லை, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அதனால் இதை உனக்கு அனுப்பிவிட்டு, நம் தொழில்காரர்கள் படிக்கும் மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். அங்கேதான் நான் பல வருடமாக நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன். எல்லா முதலாளிகளும் அதைப் படித்துவிட்டு, அது பக்கத்துக் கம்பெனிக்காரரைப் பற்றி எழுதியது என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். இந்த மாதம் யாரைப் பற்றி என்பதில் சந்தேகம் வராது. சிரிப்பு எங்கே என்று ஆசிரியர் கேட்பார். தேடிப் பார்க்கட்டும்.

உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. சென்னைக் கம்பெனி இனி தினமும் அலுவலகம் வந்தாக வேண்டும் என்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு வருடம் வெளிநாட்டில் வேலை. பையனுக்குப் பத்து மாதம். உன் மாமியார் சோமனூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே, படுத்த படுக்கையாக இருக்கும் உன் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் அம்மாவோ முழங்காலில் புது மூட்டு வைத்துக்கொண்டு, கீழே விழுந்த கரண்டியைக்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்கிறாள், குழந்தையைத் தூக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானோ காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருகிறேன். இந்த நேரத்தில் திருப்பூரிலேயே உனக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லி, சென்னை வேலையை விட வேண்டும். குழந்தையைப் பகலில் எங்கே விடுவது என்கிற ஒரே கேள்விதான் பாக்கி இருந்தது. அந்தக் கேள்விக்கு உள்ளாட்சித் திட்டங்களைக் காட்டும் இணைய வரைபடம் பதில் சொல்லிவிட்டது, அதுவும் உன் அப்பனின் படத்தோடு.

அந்த வரைபடத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. சொல்லப்போனால் உன்னைவிட எனக்குத்தான் அதில் பழக்கம் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் சினிமா பார்க்கிறார்கள், நான் வரைபடம் பார்க்கிறேன். விரலால் ஊரைப் பெரிதாக்கி ஒரு புள்ளியைத் தொட்டால் பெட்டி விரியும். என்ன திட்டம், எப்போது முடிந்தது, கீழே ஒரு படம். பச்சை என்றால் நடந்துகொண்டிருக்கிறது, மஞ்சள் என்றால் வேலை பாக்கி, சிவப்பு என்றால் நின்றுபோனது. உடுமலைப்பேட்டையில் உன் பெரியம்மா வீட்டுத் தெருவில் சாக்கடைக்கு மூடி போட்ட செய்தி, அவளுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும். அதற்காக அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. உன் அம்மாவின் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒரு நாள் ஆள் வருவதே இந்த வரைபடம் சொல்லித்தான் தெரிந்தது. நம்பிக்கை இல்லாமல்தான் போனோம். நிஜமாகவே ஒரு பெண் இருந்தாள், சிரித்த முகத்தோடு காலைப் பிடித்து முறுக்கினாள், உன் அம்மா போட்ட சத்தத்தில் ஊசி போட வரிசையில் நின்ற குழந்தைகள் எல்லாம் அமைதியாகிவிட்டன. தண்ணீர்த் தொட்டி உண்மை. நூலகம் உண்மை, மின்விசிறி மட்டும் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கழிப்பறையும் உண்மை, ஆனால் சாவி பக்கத்து பேக்கரியில் இருக்கிறது, டீ குடித்தால்தான் தருவார்கள், டீ குடித்ததால்தான் சாவி வேண்டியிருக்கிறது.

இப்படிப் புள்ளி புள்ளியாக ஏறி இறங்கி நான் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்கிறேன், உனக்குச் சொத்தாகக் கொடுக்க என்னிடம் வேறு பெரிதாக எதுவும் இல்லை. நிறத்தைப் பார்க்காதே, படத்தைப் பார். படத்தில் இருப்பவர்கள் வேலையைப் பார்க்கிறார்களா, கேமராவைப் பார்க்கிறார்களா? சத்துணவுக்கூடம் என்றால் சுவரில் கரி ஏறியிருக்கிறதா? பூங்கா என்றால் ஊஞ்சலுக்குக் கீழே புல் தேய்ந்திருக்கிறதா? காப்பகம் என்றால் செருப்பு எங்கே? குழந்தைகள் இருக்கிற அறையின் வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் ஜோடி மாறி இறைந்து கிடக்கும். நீ அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார். வாசலில் இருப்பவை எல்லாம் ஆம்பிளைச் செருப்பு. இடது ஓரத்தில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பது என்னுடையது.

அந்த அறை காப்பகம் இல்லை, கண்ணு. அது எங்கள் கம்பெனியின் துணி ரோல் போடும் அறை. படம் எடுத்த அரை மணி நேரம் மட்டும் காப்பகமாக இருந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். கம்ப்ளையன்ஸ் மேனேஜர் என்றால் என்ன வேலை என்று நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை கேட்டாய். விதிமுறை எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது என்றேன். அதில் பாதிதான் உண்மை. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட்காரர் வரும்போது, எல்லாம் சரியாக நடப்பதுபோல் இருக்கிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. அவர் வருவதற்கு முன்தினம் தீயணைப்பு உருளையைத் துடைப்பேன், முதலுதவிப் பெட்டிக்குள் பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புது மருந்து வைப்பேன். பிறகு துணி ரோல்களை லாரியில் ஏற்றி ஊரைச் சுற்றி வரச் சொல்லிவிட்டு, காலியான அறையில் பாய் விரித்து, தொட்டில் கட்டி, சுவரில் முயல் படம் ஒட்டுவேன். அது குழந்தைகள் அறை. பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிற இடத்தில் அது இருந்தாக வேண்டும். ஆடிட்காரர் எட்டிப் பார்ப்பார், புன்னகைப்பார், காகிதத்தில் ஒரு குறி போடுவார். சாயங்காலம் முயலைக் கழற்றிவிட்டு ரோலை இறக்குவோம். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் என் முயலை இரவல் வாங்கிப் போனதுண்டு.

அறை இருந்தால் குழந்தையும் இருக்க வேண்டுமே. என் முதல் ஆடிட்டில் அந்தக் குழந்தை நீ.

"நான் மூணு வயசுல எங்கப்பா கம்பெனியில ஒரு நாள் பூரா வெளையாண்டேன்" என்று உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டேன், பந்தியில் யாருக்கோ பாயசம் வேண்டும் என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டேன். நீ விளையாடவில்லை. உனக்கு மஞ்சள் முடி வைத்த ஒரு பெரிய பொம்மையைக் கொடுத்தேன், பிளாஸ்டிக் கவரோடு. கடைக்காரரிடம் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருகிறேன் என்று பேசி எடுத்து வந்தது, கவர் கிழியக் கூடாது. நீ அதை மடியில் வைத்துக்கொண்டு "இதப் பிரிச்சுத் தாங்கப்பா, அதுக்கு மூச்சு முட்டுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஆடிட்காரர் போனதும் பிரிக்கலாம் சாமி என்றேன். அவர் போனதும் பொம்மையை வாங்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்தேன். நீ இரண்டு நாள் அழுதாய். "எம்புள்ளயக் கொண்டுபோயி ஷோகேஸ்ல வெச்சுக் காட்டிப்போட்டு வந்திருக்கறீங்க. அழுகைய நீங்களே நிறுத்துங்க, எனக்குத் தெரியாதுங்க" என்றாள் உன் அம்மா. எனக்கும் தெரியவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இருபத்தைந்து வருடத்தில் அழுகை மறந்து, உனக்கு ஐஸ்கிரீம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அது என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

இனி அந்தப் படம். இரண்டு வருடம் முன்பு, பின்னாடி வீதியில் இருக்கும் பழைய சமுதாயக் கூடத்தைச் செப்பனிட்டு, பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் தாய்மார்களுக்காகக் காப்பகம் நடத்தத் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஒப்பந்தக்காரர் ஒருவர், பேரைச் சொல்ல மாட்டேன், பாதி ஊருக்கு அவர் மாமன், மீதிப் பாதிக்கு மச்சான், கூரையைப் பிரித்ததோடு நின்றுவிட்டார். ஒரு நாள் காலையில் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணா, நாளைக்குள்ள போட்டோ ஏத்தோணும்ங்க. இல்லீன்னா திட்டமே ரத்தாயிரும். உங்க ஆடிட் ரூமை அரை மணி நேரம் குடுங்க போதும். ஜிபிஎஸ் கேமராவுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறனுங்க. கூடம் அந்தச் செவுத்துக்கு அக்கட்டதான, எடம் ஒண்ணாத்தான் காட்டும்."

"கூரை?"

"அது அடுத்த மாசம் போட்டர்லாம்ங்க. மொதல்ல பச்சை விழுகட்டும்ணா. பச்சை விழுந்தாத்தான் மிச்ச வேலைக்கு உத்தரவு வரும்."

நான் ஒப்புக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. திட்டம் ரத்தாகக் கூடாது என்கிற நல்லெண்ணம் கொஞ்சம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதைவிடச் சின்னது. அவர் "உங்களாட்ட யாருங்ணா செட்டு போடுவாங்க" என்றார், நான் குளிர்ந்துபோனேன். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, உன் தலைதீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். முயலை ஒட்டினேன். இந்தத் தடவையும் மஞ்சள் முடி பொம்மைதான், ஆனால் கம்பெனிக் கணக்கில் சொந்தமாக வாங்கி வைத்தது, அடுத்தடுத்த ஆடிட்டுக்குப் புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கவரோடுதான் அலமாரியில் இருக்கும்.

குழந்தை வேண்டுமே. ஓவர்லாக் தையல் மெஷினில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கோவில்பட்டிப் பக்கம். புருஷன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன், சொல்லாமல் போய்விட்டான். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒற்றை அறை, இரண்டரை வயதில் யாழினி என்று ஒரு பெண் குழந்தை. பேச்சியம்மாளின் கை வேகத்துக்கு எதிரே உட்கார்ந்து தைக்கவே மற்றவர்கள் பயப்படுவார்கள், வாய் அதைவிட வேகம். "பிள்ளைய அரை மணி நேரம் கூட்டிட்டு வாம்மா, காப்பகம் வரப்போகுது, அதுக்கு போட்டோ" என்றேன். அந்த வாய் அன்றைக்கு நின்றுவிட்டது. "நெசமாவா சார்? எப்பத் தொறப்பாக?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "திங்கக்கிழமை" என்றேன்.

ஏன் திங்கட்கிழமை என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நம் தொழிலில் எது கேட்டாலும் திங்கட்கிழமை என்பது ஒரு வழக்கம். சரக்கு எப்போ? திங்கட்கிழமை. சம்பளம் எப்போ ஏறும்? திங்கட்கிழமை. யாரும் அதை நம்புவதில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சியம்மாள் ஊருக்குப் புதிது, நம்பிவிட்டாள். குழந்தைக்கு எண்ணெய் வைத்து, ரெட்டைச் சடை போட்டு, வாடாமல்லிக் கலரில் கவுன் மாட்டிக் கொண்டுவந்தாள். நான் பொம்மையைக் கையில் கொடுத்து, குழந்தையை மடியில் வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் உனக்குப் பெருமையாக இருந்த சிரிப்பு.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் குழந்தையோடு அந்த அறை வாசலில் நின்றாள். குழந்தையின் தோளில் ஒரு குட்டிப் பை, அதற்குள் தயிர்சாத டப்பா, மாற்று ஜட்டி, ஒரு துண்டு. உள்ளே துணி ரோல் கூரைவரை. "சார், திங்கக்கெழமன்னீகளே?" என்றாள். "அப்ரூவல் வரணும்மா" என்றேன். அடுத்த திங்கட்கிழமையும் பையோடு வந்தாள். "ஃபைல் ஆபீசர் டேபிள்ல இருக்கும்மா" என்றேன். மூன்றாவது திங்கட்கிழமை பை இல்லை. நான்காவது திங்கட்கிழமை குழந்தையும் இல்லை, கேட்கவும் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணு, இந்த அப்பாடாவை நீ நன்றாகப் பார்த்துக்கொள். படத்தில் சிரித்ததைவிட அதுதான் மோசம்.

குழந்தை எங்கே இருந்தது என்பது பிறகு லைன் வீட்டுக்கார அம்மா கம்பெனிக்கு வந்து சண்டை போட்டபோதுதான் தெரிந்தது. சேலையைக் கிழித்து இடுப்பில் ஒரு முனை, ஜன்னல் கம்பியில் ஒரு முனை. நடுவே நாலு எட்டு நடக்கலாம். தட்டில் பொரி, ஒரு செம்பில் தண்ணீர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சியம்மாள் ஓடிப்போய் அவிழ்த்துவிட்டு, கழுவி, ஊட்டி, மறுபடி கட்டிவிட்டு ஓடி வருவாள். அதனால்தான் சாப்பாட்டு மணிக்கு அவள் முதல் ஆளாக எழுந்து ஓடுவாள். நான் அதைப் பார்த்து, "பேச்சியம்மாளுக்குப் பசி தாங்காது போல" என்று தையல் லைனில் ஒரு ஜோக் வேறு சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சிரித்தார்கள்.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மனு நாளில் போய், எங்கள் பகுதிக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். என்னிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் காகிதத்தை என் மேஜைமேல் வைத்தாள். தங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே மையம் செயல்பட்டு வருவதால் மனு முடித்து வைக்கப்படுகிறது. கீழே வரைபடம். அதில் புள்ளி. சாட்சிக்கு அந்தப் படம்.

"சார், எனக்கு வாசிக்கத் தெரியும். அர்த்தம் மட்டும் சொல்லுங்க" என்றாள். "இது எம்மகதான?"

நான் காகிதத்தைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"எம்மகளக் காட்டியே எம்மகளுக்கு இல்லன்னுட்டாகளா சார்?"

அவள் சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன், சத்தம் போடுபவர்களைச் சமாளிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மெதுவாகக் கேட்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினேன். அந்த வாரக் கடைசியில் அவள் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் மெஷினில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். சமுதாயக் கூடத்தில் இன்றுவரை கூரை இல்லை, உள்ளே எருக்கஞ்செடி இருக்கிறது. வரைபடத்தில் பச்சை இருக்கிறது. எருக்கும் பச்சைதானே என்று ஒப்பந்தக்காரர் ஒரு கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன், எழுத்தாளன் என்பதால் நல்ல வசனத்தை மதிக்கத் தெரியும்.

இவ்வளவையும் நான் நன்றாகத்தான் மறந்திருந்தேன், நீ செவ்வாய்க்கிழமை வந்து புள்ளியைத் தொடும்வரை. வீட்டுக்குப் போனதும் உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இது அந்த ரூம்புதானுங்க?"

"ஆமா."

"அவகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்றேன்."

"எப்பங்க? திங்கக்கெழமையா?"

உன் அம்மா எழுதியிருந்தால் என் நகைச்சுவைப் பக்கம் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சொல்வதற்கு முன் புள்ளியை மாற்றிவிடலாம், மாற்றிவிட்டுச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. வரைபடத்திலேயே, தகவல் தவறு என்றால் தெரிவிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. புதன்கிழமை அதைத் தொட்டேன். உங்களுக்கும் இந்தத் திட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டது. பயனாளி, பகுதிவாசி, மற்றவை. பகுதிவாசி என்று போட்டேன், பேர் கொடுக்காமல். கூரை இல்லாத கூடத்தைப் படம் எடுத்து ஏற்றினேன். நம் ஊரில் எதுவும் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை, வெள்ளிக்கிழமையே பதில் வந்துவிட்டது. கள ஆய்வு செய்யப்பட்டது, மையம் சிறப்பாகச் செயல்படுகிறது, புகார் முடித்து வைக்கப்பட்டது. ஆதாரமாக இணைத்திருந்தது அதே படம். நான் பொய் சொல்கிறேன் என்பதற்கு நானே நீலச் சட்டையில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் அன்று என் மேஜைமுன் நின்றது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான், அதுவும் கால்வாசிதான், விளங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே மறுபடி பொத்தானைத் தொட்டேன். இந்த முறை மற்றவை. பேரும் விலாசமும் போட்டு, படத்தில் குழந்தையை மடியில் வைத்திருப்பவன் நான், அது துணி அறை, அப்படி ஒரு காப்பகம் ஒரு நாளும் நடக்கவில்லை என்று எழுதினேன். அதையே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை காலை மாநகராட்சி அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். வாங்கிக்கொண்ட அம்மா படித்துவிட்டு, "சார், இது உங்க மேலயே புகாருங்களே, நல்லாப் பாத்துட்டுக் குடுங்க" என்றார். மத்தியானத்துக்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். திட்டவில்லை. "ஏனுங்க, சுகர் ஏதாச்சும் எறங்கிப்போச்சுங்களா? ஒரு பத்து நாளு ஊட்ல இருங்க. ஆடிட்டை வேற ஆளு பாத்துக்கட்டும்" என்றார். பத்து நாள் எவ்வளவு நீளம் என்று நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அலமாரிச் சாவியைக் கொடுக்கச் சொன்னார், கொடுப்பதற்கு முன் அதிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். முப்பது வருட வேலையில் நான் கம்பெனியிலிருந்து திருடிய ஒரே பொருள், மஞ்சள் முடி பொம்மை.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். பழைய நம்பர், எடுத்துவிட்டாள். பேரைச் சொன்னேன். பின்னால் கோழி சத்தம் கேட்டது.

"என்ன சார், ஆடிட்டா? பிள்ள வேணுமா?"

"இல்லம்மா..."

"அவ வளந்துட்டா சார். பால்வாடிக்குப் போறா. இங்கன நெசமாவே ஒண்ணு இருக்கு, ஓட்டக் கட்டடந்தான், ஆனா டீச்சர் வருது. இனிம உங்க போட்டோவுக்கு அவ சேர மாட்டா."

நான் செய்த தப்பை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் பெருமையாகக் கேட்டது, வெட்கமாகிவிட்டது.

"எழுதிக் குடுத்தா தொறந்துருவாகளா சார்?"

"தெரியலம்மா."

"இப்பத்தான் சார் நீங்க தெரியலன்னு சொல்லிக் கேக்கேன்." பிறகு, "அந்தப் பொம்ம இருக்கா? ரெண்டு மாசம் அதையே கேட்டுக்கிட்டுக் கெடந்தா. போட்டோ எடுத்த அன்னைக்கு ஒரு ஓரத்துல கடிச்சு வச்சா, நீங்ககூட கவரக் கிழிச்சிட்டாளேன்னு வாங்கி உள்ள வச்சீக" என்றாள்.

நீ அனுப்பிய படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார், கண்ணு. என் சிரிப்பைத் தாண்டிக் கீழே வா. அந்தக் குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை. கவரின் மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்திலேயே உண்மையான வேலை செய்துகொண்டிருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

பொம்மையைக் கவர் இல்லாமல் கோவில்பட்டிக்குப் பார்சல் அனுப்பிவிட்டேன். பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்கு அது இனி பிடிக்குமோ என்னவோ. இதையெல்லாம் ஒரு பரிகாரம் என்று நான் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால், உன் அம்மாவிடம் சொல்லி என்னை நிறுத்தச் சொல்.

இனி உன் வெள்ளிக்கிழமை. வா என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை, வராதே என்று சொல்லவும் மனம் இல்லை. நீ வந்தால் உன் பையனுக்குப் பகலில் இங்கே ஒரு இடமும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய். வீட்டில் ஒரு வயதான ஆள் திடீரென்று சும்மா இருக்கிறான், தூக்கத் தெரியும், குளிப்பாட்டத் தெரியாது, அவனை நம்பலாமா என்பதை அவனுடைய பழைய கணக்கைப் பார்த்து நீயே சொல். பையன் ஒரு நாள் அப்புச்சி என்று என்னைக் கூப்பிடும்போது, நான் எதையும் கவரோடு கொடுக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம். ஒருவேளை நீ வந்தால், லைன் வீடுகளில் இன்னும் எத்தனை ஜன்னல் கம்பிகளில் சேலைத் துணி கட்டியிருக்கிறது என்று ஒரு பகலில் என்னோடு நடந்து பார்ப்பாயா என்றும் கேட்க ஆசை. அதை எந்த வரைபடத்திலும் புள்ளி வைத்துக் காட்டவில்லை. இன்று காலை பார்த்தேன், நம் புள்ளி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் படத்தை நீ சோமனூர் சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டதாகவும், உன் மாமியார் அதை அவருடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பியதாகவும், அங்கிருந்து ஒருவர் எனக்குச் சால்வை போட வேண்டும் என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதத்தையும் அதே குழுவில் போட்டுவிடு, கண்ணு. எழுத்து நிறைய இருக்கிறது, யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தால், நீயே உன் குரலில் படித்து அனுப்பு. சத்தமாகவே படி.

அப்பா